கரைசலும் உப்புச் சட்டமும்: வேதாரண்யம், 1930

திண்மப் பொருள் ஒன்று நீர்மத்தில் கரைந்து உருவாகும் ஒருபடித்தான கலவை கரைசல் எனப்படும். சமையல் உப்பு நீரில் விழுந்ததும், நீர் மூலக்கூறுகள் அதன் சோடியம், குளோரைடு அயனிகளைச் சூழ்ந்து படிகத்திலிருந்து பிரித்தெடுக்கின்றன. உப்பு கண்ணுக்கு மறைகிறதே தவிர அழிவதில்லை. நீரை நீக்கினால் மீண்டும் கிடைத்துவிடும். உப்புக்கு வரி விதித்த அரசுகளுக்குத் தொல்லையாக இருந்ததும் இந்த இயல்புதான்.

100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரையும். அதற்கு மேல் கரையாத நிலையில் அது தெவிட்டிய கரைசல். வெடியுப்பின் கரைதிறன் வெப்பத்தால் பல மடங்கு உயர்வதால், சூடான கரைசலை ஆறவிட்டே அதைப் படிகமாக்கலாம். சமையல் உப்பின் கரைதிறனோ வெப்பத்தால் அதிகம் மாறுவதில்லை. ஆகவே நீரை ஆவியாக்குவதே வழி. ஒரு லிட்டர் கடல்நீரில் சமையல் உப்பு 27 கிராம் அளவே உள்ளது. பாத்தியில் தேக்கிய நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே உப்பு பூக்கத் தொடங்கும். சுண்ணாம்பும் ஜிப்சமும் அதற்கு முன்பே படிந்துவிடும். கசப்பான மக்னீசிய உப்புகள் கடைசி நீரில் தங்கிவிடும். இடையில் மழை பெய்தால் விளைந்த உப்பும் கரைந்து போகும்.

வேதாரண்யத்தை அடுத்த அகத்தியம்பள்ளி போன்ற சதுப்புகளில், கோடையில் இவ்வேலையை வெயிலே செய்துவிடும்; மனிதர் வாரினால் போதும். சென்னை மாகாணத்தில் 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிய பின், அப்படி வாருவது குற்றமாயிற்று. 1930-இல் சுமார் 37 கிலோ கொண்ட மணங்குக்கு 1 ரூபாய் 4 அணா வரி இருந்தது. கடலோர ஏழைகள் காலடியில் கிடந்த பொருளுக்கும் காசு கொடுத்தனர்.

தண்டியில் காந்தி சட்டத்தை மீறிய அடுத்த வாரம், 1930 ஏப்ரல் 13 அன்று, இராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடைப்பயணம் தொடங்கினர். அவர்களுக்கு உணவோ இடமோ தருவது குற்றம் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். ஊர்மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தவர்களை வேதரத்தினம் பிள்ளை வரவேற்றார். 30-ஆம் நாள் உப்பை அள்ளிய இராஜாஜி கைதானார்.

1931 மார்ச்சில் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம், உப்பு விளையும் பகுதிகளில் வாழ்வோர் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுக்க இடமளித்தது. வரி 1947-இல்தான் நீங்கியது.