யுத்தம் வேண்டாம்: கடலூரும் சிதம்பரமும், 1940-41

கடலூர் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தா முக்கால்வாசி சண்டைக் கதைதான் வரும்.

1690-ல் மராட்டியர்கிட்ட இருந்து தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கிச்சு. எல்லையை எப்படி அளந்தாங்க தெரியுமா? கயிறும் இல்லை, சங்கிலியும் இல்லை. பீரங்கியால சுட்டாங்க. குண்டு போய் விழுற தூரம் வரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம். அப்படிப் போன ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்'னே பேர். கடலூர்ல இன்னைக்கும் இருக்கற குண்டு சாலை பேரைக் கேட்டா எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

அடுத்தது 1783. ஜனவரி மாசமே இங்கிலாந்தும் பிரான்சும் வெர்சேல்ஸ்ல சமாதான முன் ஒப்பந்தம் போட்டாச்சு. ஆனா சேதி கப்பல்ல வரணுமே! ஜூன் 13-ம் தேதி கடலூர் வெளியில ரெண்டு படையும் மோதிக்கிட்டு, செத்தவங்களும் காயம் பட்டவங்களுமா ஆயிரத்துக்கு மேல விழுந்தாங்க. ஒரு வாரம் கழிச்சு கடல்லயும் ஒரு சண்டை. ஜூன் கடைசியிலதான் வெள்ளைக்கொடியோட கப்பல் வந்து, 'சண்டை எப்பவோ முடிஞ்சு போச்சு' என்றது. முடிஞ்சு போன யுத்தத்துக்காகச் செத்த ஜனங்க நம்ம ஊர் மண்ணுலதான் கிடக்கறாங்க.

சிதம்பரம் மட்டும் என்ன வாழ்ந்தது? கர்நாடகப் போர்கள் நடந்த காலம் பூரா நடராஜர் கோயிலோட பெரிய மதில்கள் கோட்டைச் சுவராத்தான் பயன்பட்டுச்சு. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஹைதர் அலின்னு மாத்தி மாத்தி உள்ளே படையை வச்சாங்க. 1781 ஜூன்ல ஜெனரல் அயர் கூட் கோயிலைத் தாக்கிப் பார்த்து, முடியாம பின்வாங்கினார். ஜூலை 1-ம் தேதி பரங்கிப்பேட்டையில பெரிய யுத்தம்.

இந்த யுத்தங்களை நடத்தினவங்க பேரெல்லாம் புத்தகத்துல பத்திரமா இருக்கு. கடலூர்ல கிளைவ் பேர்லயும் வெல்லிங்டன் பேர்லயும் தெருவே இருக்கு. ஆனா இதே மண்ணுல நின்னு 'யுத்தம் வேண்டாம், நாங்க உதவ மாட்டோம்'னு சொல்லிட்டு ஜெயிலுக்குப் போனவங்களும் இருந்தாங்க. அவங்களை 'சுதந்திரப் போராட்ட வீரர்கள்'ங்கற பெரிய கூடையில போட்டு மூடி வச்சுட்டோம். இந்தப் பதிவு அவங்களுக்காக.

கேட்காமலே வந்த யுத்தம்

1939 செப்டம்பர் 3. வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் யுத்தத்துல இருக்குன்னு அறிவிச்சுட்டார். இந்தியத் தலைவர்கள் ஒருத்தரையும் கேட்கலை. மாகாணங்கள்ல தேர்தல்ல ஜெயிச்ச மந்திரிசபைகள் இருந்துச்சு, அவங்களையும் கேட்கலை. அந்த அக்டோபர் கடைசியில சென்னை மாகாணத்துல ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா பண்ணிடுச்சு.

அப்புறம் ஒரு வருஷம் பேச்சுவார்த்தை. ஒண்ணும் தேறலை. காங்கிரஸ்ல பலபேருக்குப் பெரிய போராட்டமா நடத்தணும்னு துடிப்பு. காந்தி ஒத்துக்கலை. ஹிட்லர்கிட்ட பிரிட்டன் அடி வாங்கிட்டு இருக்கற நேரத்துல அதைச் சாதகமாக்கிக்கறது சரியில்லைங்கறது அவர் கட்சி. அதே சமயம் யுத்தம் வேண்டாம்னு பேசற உரிமையையும் விட்டுக்கொடுக்க முடியாது. அப்ப அவர் கண்டுபிடிச்ச வழிதான் தனிநபர் சத்தியாகிரகம்.

முறை ரொம்ப எளிமை. கூட்டம் கூடாது, ஊர்வலம் கூடாது. காந்தி அனுமதி கொடுத்த ஆள் மட்டும், இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்துல யுத்த எதிர்ப்பு சத்தியாகிரகம் செய்யப்போறேன்னு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு முன்கூட்டியே கடிதம் போட்டுடணும். அப்புறம் அந்த இடத்துல நின்னு, பிரிட்டிஷ் யுத்த முயற்சிக்கு ஆளாலயோ பணத்தாலயோ உதவறது தப்பு, அகிம்சை வழியில எல்லா யுத்தத்தையும் எதிர்க்கறதுதான் சரின்னு அர்த்தம் வர்ற கோஷத்தைச் சொல்லணும். போலீஸ் பிடிச்சா ஜெயில். பிடிக்கலைன்னா அதையே சொல்லிக்கிட்டு ஊர் ஊரா டில்லியைப் பார்த்து நடக்கணும். அவ்வளவுதான்!

1940 அக்டோபர் 17-ல் முதல் ஆளா வினோபா பாவே. ரெண்டாவதா குறிச்சிருந்த நேருவை அவர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சு நாலு வருஷம் போட்டாங்க. டிசம்பர்ல ராஜாஜி, ஒரு வருஷம். இதுல இன்னொரு கூத்து. அதிகாரிகளும் பண்டிகை கொண்டாடட்டும்னு கிறிஸ்துமஸ் சமயத்துல காந்தி போராட்டத்துக்கு லீவு விட்டுட்டார். எதிராளிக்கு லீவு கொடுத்த போராட்டம் வேற எங்கயாவது நடந்திருக்கா? தெரிஞ்சா சொல்லுங்க.

தமிழ்நாட்டுப் பட்டியலைத் தயார் பண்ணி, காந்திகிட்ட ஒப்புதல் வாங்க வார்தாவுக்கு ரயில் ஏறினவர் காமராஜர். வழியில குண்டூர்லயே பிடிச்சு வேலூர் ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க. ஜெயில்ல இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், வெளியில வந்து அந்தப் பதவி வேண்டாம்னு விட்டதும் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.

முதுநகர் அம்மா

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். அப்போ கடலூர்தான் தென்னாற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரம். இன்னைக்கு இருக்கற விழுப்புரம், கள்ளக்குறிச்சி எல்லாம் அதுக்குள்ளதான்.

இந்தப் பட்டியல்ல முதல்ல வந்தவங்க காங்கிரஸ் கமிட்டி ஆட்களும் சட்டசபை உறுப்பினர்களும். கடலூர்ல அப்படி ஒருத்தர் அஞ்சலை அம்மாள். 1890-ல் கடலூர் முதுநகர்ல பிறந்தவங்க. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிப்பு. 1937 தேர்தல்ல ஜெயிச்சு சென்னை மாகாண சட்டசபைக்குப் போன விரல் விட்டு எண்ணக்கூடிய பெண்கள்ல ஒருத்தங்க.

ஆனா அவங்க கதை 1937-க்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சது. 1857-ல் இந்தியர்களைக் கொத்துக் கொத்தாத் தூக்குல போட்ட நீல் என்கிற தளபதிக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வச்சிருந்தாங்க. 1927-ல் அதை எடுக்கச் சொல்லி நடந்த சத்தியாகிரகத்துல அஞ்சலை அம்மாளும் கணவர் முருகப்பாவும் சின்னப் பொண்ணு அம்மாக்கண்ணுவும் குடும்பத்தோட இறங்கினாங்க. மூணு பேருமே சிறைவாசம் பார்த்தாங்க. அந்தப் பொண்ணைத்தான் பின்னாடி காந்தி கூட்டிட்டுப் போய் லீலாவதின்னு பேர் வச்சு வளர்த்தார். யுத்தக் கொடுமைக்கு வச்ச சிலையை எதிர்த்து ஆரம்பிச்ச பொது வாழ்க்கைன்னு இதைச் சொல்லலாம் இல்லையா? (சிலை 1937-ல் ராஜாஜி ஆட்சியில அகற்றப்பட்டுச்சு.)

1930-கள்ல நிறைமாசமா வேலூர் ஜெயில்ல இருந்து, பிரசவத்துக்கு வெளியில வந்து, கைக்குழந்தையோட திரும்ப ஜெயிலுக்கே போனவங்க. 1940-41 தனிநபர் சத்தியாகிரகத்துக்கு வரும்போது வயசு அம்பது. பழகின ஜெயில்தானேன்னு மறுபடியும் போனாங்க.

இதுல எனக்குப் பெரிசாத் தெரியறது ஒண்ணுதான். உப்பு சத்தியாகிரகத்துல பின்னால ஆயிரம் பேர் இருப்பாங்க. அடிபட்டாலும் பக்கத்துல தாங்க ஆள் உண்டு. இதுல தனியா நிக்கணும். அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கும். யுத்த நிதி வசூல் பண்ணிட்டுத் திரியற கிராம முன்சீபும் தாசில்தாரும் குறிச்சு வச்சுக்குவாங்க. ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிட்டு போலீஸ் வேனுக்குக் காத்திருக்கணும். கூட்டத்தோட கத்தறதுக்கு வேண்டிய தைரியம் வேற, இது வேற.

1941 ஏப்ரலுக்கு அப்புறம் சாதாரண காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அனுமதி கிடைச்சுது. நாடு முழுக்க 20,000 பேருக்கு மேல ஜெயிலுக்குப் போனாங்க. பெரும்பாலானவங்க பேர் எந்தப் பாடப்புத்தகத்துலயும் கிடையாது.

சிதம்பரத்துப் பையன்கள்

அதே யுத்தத்தை வேற விதமா எதிர்த்த கூட்டமும் ஒண்ணு உண்டு. அதோட ஒரு நுனி சிதம்பரத்துல, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இருந்துச்சு.

1929-ல் தொடங்கின பல்கலைக்கழகம் பத்து வருஷத்துல மாணவர் அரசியலுக்கு நல்ல நாற்றங்காலா ஆயிடுச்சு. கே. பாலதண்டாயுதம் அங்கதான் மாணவர் தலைவரா உருவானார். ஆர். உமாநாத்தும் அங்க படிச்சவர்தான். 1940-ல் படிப்பை விட்டுட்டு கம்யூனிஸ்ட் கட்சியோட தலைமறைவு வேலைக்குப் போனார். இது ஏகாதிபத்திய யுத்தம், ஒத்துழைக்காதீங்கன்னு கட்சி ரகசியமாத் துண்டுப் பிரசுரம் போட்டுக்கிட்டிருந்த நேரம். போலீஸ் வளைச்சுப் பிடிச்சு 'மெட்ராஸ் சதி வழக்கு' போட்டாங்க. குற்றவாளிக் கூண்டுல பி. ராமமூர்த்தி, ஈட்டன்லயும் கேம்பிரிட்ஜ்லயும் படிச்சுட்டு வந்த மோகன் குமாரமங்கலம், கூடவே சிதம்பரத்துல படிச்ச இந்த உமாநாத்.

ரெண்டு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒருத்தங்க 'நாளைக்கு இத்தனை மணிக்குச் சட்டத்தை மீறப் போறேன்'னு சர்க்காருக்கே கடிதம் போடறாங்க. இன்னொருத்தர் பேரை மாத்திக்கிட்டு, ராத்திரியில அச்சுத்தாளைக் கடத்தறாங்க. ரெண்டு பேருக்கும் கிடைச்சது என்னவோ ஜெயில்தான்.

அப்ப ஹிட்லர்?

பின்னூட்டத்துல யாராவது கேட்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன். எதிர்ல நின்னது ஹிட்லர். அப்படிப்பட்ட யுத்தத்துக்கு உதவாதேன்னு சொன்னது சரியா?

சுலபமான கேள்வி இல்லைங்க. பெரியாரும் நீதிக்கட்சியும் யுத்தத்துல பிரிட்டனை ஆதரிச்சாங்க. அம்பேத்கரும் அப்படியே. ராஜாஜியே 1940 நடுவுல, தேசிய அரசு அமைக்க விட்டா யுத்தத்துக்கு உதவலாம்னு சொன்னவர்தான். நேருவுக்கு நாஜிகளைக் கண்டாலே ஆகாது. இவங்க ரெண்டு பேரும் அதே கோஷத்துக்காக ஜெயிலுக்குப் போனதைப் பார்த்தா, அது முழுக்க முழுக்க அகிம்சைக் கொள்கைன்னு சொல்ல முடியாது. கம்யூனிஸ்டுகள் கதை இன்னும் தமாஷ். 1941 ஜூன் 22-ல் ஹிட்லர் சோவியத் மேல பாய்ஞ்சான். கொஞ்ச மாசத்துல 'ஏகாதிபத்திய யுத்தம்' அவங்களுக்கு 'மக்கள் யுத்தம்' ஆயிடுச்சு. 1942-ல் கட்சி மேல இருந்த தடையும் போச்சு.

இன்னொரு கணக்கும் இருக்கு. 20,000 பேர் வேண்டாம்னு ஜெயிலுக்குப் போன அதே காலத்துல, 2 லட்சமா இருந்த இந்திய ராணுவம் 1945-க்குள்ள 25 லட்சமாச்சு. கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. நிறையப்பேர் சம்பளத்துக்காகவும் சோத்துக்காகவும் போனவங்க. 87,000 பேர் வரைக்கும் செத்தாங்க. வயித்துக்காகப் போனவனைக் குறை சொல்ல நான் யாரு?

ஆனாலும் என் கட்சி இதுதான். அந்த 20,000 பேர் ஹிட்லர் நல்லவன்னு சொல்லலை. எங்களைக் கேட்காம எங்க ஜனங்களைச் சாகக் கொடுக்காதேன்னாங்க. ஜனநாயகத்தைக் காப்பாத்தற யுத்தம்னு சொல்லிக்கிட்டே, யுத்தம் வேண்டாம்னு வாயால சொன்னவனை ஜெயில்ல போட்ட முரண்பாட்டை ஊர் பார்க்கற மாதிரி வெளிச்சம் போட்டாங்க. யுத்தம் நியாயமானதாவே இருந்தாலும், அதைக் கேள்வி கேட்கறவன் குற்றவாளி ஆகக்கூடாது. இது 1940-க்கு மட்டும் பொருந்தற விஷயமும் இல்லை. 2008-09-ல் ஈழத்துல சண்டையை நிறுத்தச் சொல்லித் தெருவில நின்ன மாணவர்களைப் பார்த்தும் முதல்ல வந்த கேள்வி 'நீ எந்தப் பக்கம்?' என்பதுதான். சாகற ஜனங்க பக்கம்னு ஒண்ணு இருக்கறதே எல்லாருக்கும் மறந்து போகுது.

1941 டிசம்பர் 4-ல் சத்தியாகிரகிகளை விடுதலை பண்ணினாங்க. மூணே நாள்ல ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிச்சு. 1942 ஏப்ரல்ல விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவிலயும் குண்டு விழுந்து, சென்னையே காலியாச்சு. அதுக்கப்புறம் யுத்தம் வேண்டாம்னு மெதுவாச் சொன்ன அந்தக் குரல் யாருக்கும் கேட்கலை. ஆகஸ்ட் புரட்சி வந்து அதை முழுசா மூடிடுச்சு.

அஞ்சலை அம்மாள் 1961-ல் காலமானாங்க. 2024-ல் ஒரு கட்சி மாநாட்டுல கட்-அவுட் வச்சப்பதான் 'யாருப்பா இந்த அம்மா?'ன்னு தமிழ்நாட்டுல பாதிப்பேர் தேட ஆரம்பிச்சாங்க. அதுவும் நல்லதுக்குத்தான். ஆனா கட்-அவுட் கிடைக்காதவங்க எத்தனையோ பேர்.

மக்களே, ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல தாத்தாவோ பாட்டியோ 1972-ல் தாமிரப் பட்டயம் வாங்கினவங்களா இருந்தா, பரண்ல இருக்கற அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்க. சிறைவாசக் காலம் 1940, 41-ன்னு போட்டிருந்தா, அவங்க ஜெயிலுக்குப் போனது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இருக்கும். எந்தத் தெருவில நின்னாங்க, யார் வேடிக்கை பார்த்தாங்க, வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரிஞ்சுதா, இதெல்லாம் தெரிஞ்சவங்க இன்னும் யாராவது இருந்தா கேட்டு ஒரு பதிவாப் போட்டுடுங்க. நாலு வரியா இருந்தாலும் பரவாயில்லை. சண்டை போட்டவங்களுக்குத் தெருப் பேர் இருக்கு, வேண்டாம்னு சொன்னவங்களுக்கு நம்ம பதிவாவது இருக்கட்டுமே.