எம்.ஏ. முடிச்சாத்தான் டாக்டர் பட்டமா? – மானிடவியல் வரலாறு சொல்லும் பதில்



நம் சங்கக் கூட்டங்களில் இளைய தலைமுறை பெரியவர்களைப் பிடித்து வைத்துக் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "சார், மானிடவியல்ல பிஎச்.டி. பண்ண வெளிநாடு போகணும்னு ஆசை. அதுக்கு முன்னாடி எம்.ஏ. பண்ணணுமா, வேண்டாமா?" கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பிள்ளையின் இரண்டு வருஷம் இருக்கிறது. அப்பாவின் பிராவிடண்ட் பண்டு இருக்கிறது, அம்மாவின் நகை இருக்கிறது. சில வீடுகளில் பேங்க் கடனும் இருக்கிறது. அதனால் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. நான் சரித்திரம் படித்தவன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முன்னால் போனவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று பார்ப்போம்.

பட்டம் இல்லாத குருமார்கள்

எந்தத் துறையிலும் முதல் வாத்தியாருக்கு அந்தத் துறையில் பட்டம் இருக்காது. அவருக்குப் பட்டம் கொடுக்க யார் இருந்தார்கள்? அமெரிக்க மானிடவியலின் தந்தை என்று போற்றப்படும் ஃப்ரான்ஸ் போவாஸ் ஜெர்மனியில் பிறந்தவர். 1881-ல் கீல் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய டாக்டர் பட்டம் இயற்பியலில். தண்ணீரின் நிறத்தைப் பற்றி ஆராய்ந்தவர், 1883-ல் பாஃபின் தீவுக்குப் போய் எஸ்கிமோக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட இன்யூட் மக்களோடு ஒரு வருஷம் இருந்தார். அங்கேதான் அவர் பாதை திரும்பியது. பிற்பாடு கிளார்க் பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த ஏ. எஃப். சேம்பர்லின் 1892-ல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் மானிடவியலுக்குக் கொடுத்த முதல் பிஎச்.டி. அதுதான்.

நம் பக்கமும் இதே கதைதான். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முதுகலை வகுப்பு ஆரம்பித்த நாட்களில் அங்கே துறையை நடத்தியவர் பாலக்காட்டுத் தமிழரான எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். 1902 முதல் கொச்சி சமஸ்தானத்துக் குடிகளைப் பற்றி ஊர் ஊராக அலைந்து விவரம் சேகரித்தார். அந்தப் புத்தகத்தின் முதல் பாகம் 1909-ல் வந்தது. மானிடவியலில் ஒரு நாள்கூட மாணவராக உட்காராதவர், மற்றவர்களுக்கு எம்.ஏ. சொல்லிக்கொடுத்தார்! காரணம், கையில் வேலை இருந்தது. அச்சில் புத்தகம் இருந்தது.

"அது அந்தக் காலம் சார்" என்பீர்கள். சரி, அடுத்த தலைமுறைக்கு வருவோம்.

எம்.ஏ. உண்டு, ஆனால் வேறு பாடத்தில்!

போவாஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு, 1901-ல் அங்கே முதல் மானிடவியல் பிஎச்.டி. வாங்கியவர் ஆல்ஃப்ரெட் க்ரோபர். அவர் எம்.ஏ. வைத்திருந்தார், ஆங்கில இலக்கியத்தில்! போவாஸ் நடத்திய அமெரிக்கப் பழங்குடி மொழி வகுப்பில் போய் உட்கார்ந்தவர் அப்படியே இந்தப் பக்கம் வந்துவிட்டார். அவருடைய பிஎச்.டி. ஆய்வேடு 28 பக்கம்தான். இன்றைக்கு நம்ம பசங்க எழுதும் புராஜெக்ட் ரிப்போர்ட்டே அதைவிடப் பெரிசு. பக்கத்தை எண்ணிப் பட்டம் கொடுத்த காலமில்லை அது.

எட்வர்ட் சபீர் 1905-ல் கொலம்பியாவில் வாங்கிய எம்.ஏ. ஜெர்மானிய மொழியியலில். மொழி எப்படித் தோன்றியது என்று ஹெர்டர் எழுதியதைப் பற்றித்தான் அவருடைய எம்.ஏ. ஆய்வேடு. அதே வருஷக் கோடையில் விஷ்ராம் மக்களிடம் மொழி சேகரிக்கப் புறப்பட்டார். 1909-ல் டகெல்மா மொழியைப் பற்றி எழுதி டாக்டரானார். மார்கரெட் மீட் 1924-ல் வாங்கிய எம்.ஏ. உளவியலில். இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் குழந்தைகளுக்கு வைத்த புத்திக்கூர்மைப் பரிட்சைகளை அதில் ஆராய்ந்தார். வீட்டில் பேசும் பாஷையைப் பொறுத்து மார்க் ஏறி இறங்குகிறது என்று காட்டினார். அடுத்த வருஷமே சமோவாவுக்குக் கப்பலேறினார். 1929-ல் பிஎச்.டி.

மும்பையில் ஜி. எஸ். குர்யே சமஸ்கிருத எம்.ஏ. அதை வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் போய் 1922-ல் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். அவரிடம் படித்த இராவதி கார்வே இளங்கலையில் தத்துவம் படித்தவர். 1928-ல் சமூகவியலில் எம்.ஏ. எழுதி, பெர்லின் போய் 1930-ல் டாக்டரானார்.

இவர்களுக்கு எம்.ஏ. உதவியதா? உதவியது. ஆனால் சீட்டு வாங்கிக் கொடுத்த சிபாரிசுக் கடிதமாக இல்லை. ஒரு பாடத்திலிருந்து இன்னொரு பாடத்துக்குப் போகப் பாலமாக இருந்தது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கடைசிவரை எழுதி முடிக்கும் பழக்கத்தைக் கொடுத்தது.

எம்.ஏ. இல்லாமலே போனவர்கள்

ரூத் பெனடிக்ட் 1909-ல் வாஸர் கல்லூரியில் பட்டம் முடித்தார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் சில வகுப்புகள் கேட்டார். 1921-ல் கொலம்பியாவில் சேர்ந்தார், 1923-ல் டாக்டர். நடுவில் எம்.ஏ. கிடையாது. எட்மண்ட் லீச் 1932-ல் கேம்பிரிட்ஜில் முடித்தது இன்ஜினியரிங்! சீனாவில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, இலண்டனில் மாலினோவ்ஸ்கியின் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். பர்மாவில் களப்பணி, நடுவில் உலக யுத்தம், எல்லாம் கடந்து 1947-ல் பிஎச்.டி. கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1950-ல் ஆண்டியாக் கல்லூரியில் தத்துவப் பாடத்தில் பி.ஏ. முடித்து நேராக ஹார்வர்டு போனார். 1956-ல் டாக்டர். போவதற்கு முன் அவரும் அவர் மனைவியும் மார்கரெட் மீட்டைப் போய்ப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத அந்த இருவருக்கும் அந்த அம்மா மணிக்கணக்காகத் தம் களக்குறிப்புகளை எடுத்துக் காட்டினாராம்.

நம் இலங்கைத் தமிழர் ஸ்டான்லி தம்பையாவும் இந்த வரிசைதான். 1951-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ., மூன்றே வருஷத்தில், 1954-ல், கார்னெலில் பிஎச்.டி. பின்னால் கேம்பிரிட்ஜ், சிகாகோ, ஹார்வர்டு என்று மூன்று இடத்திலும் பாடம் நடத்தினார். முன்னே சொன்ன இன்ஜினியர் லீச்சின் வாழ்க்கையை 2002-ல் புத்தகமாக எழுதியவரும் இவரே.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒருவர் உண்டு. மைசூர் எம். என். ஸ்ரீநிவாஸ். குர்யேயிடம் எம்.ஏ.வுக்கு எழுதிய ஆய்வேடு 1942-ல் மைசூர்க் கல்யாணம், குடும்பம் பற்றிய புத்தகமாகவே வந்துவிட்டது. 1944-ல் மும்பையிலேயே பிஎச்.டி.யும் ஆயிற்று. அத்தோடு நின்றாரா? 1945-ல் ஆக்ஸ்போர்டு போய் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். கையிலிருந்த அதே குடகு விவரங்களைப் புதுக் கண்ணோடு பார்த்து எழுதி 1947-ல் டி.ஃபில். வாங்கினார். அந்த நூல் 1952-ல் வந்தது. உலகம் அவரை அறிந்தது இந்த இரண்டாவது எழுத்தால்தான். கையில் எத்தனை பட்டம் இருந்தாலும், போகிற இடத்தின் முறையைப் புதிதாகக் கற்றே ஆகவேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

காசு என்கிற பாடம்

கெட்டிக்காரத்தனம் மட்டும் போதுமா? போதாது. ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண்மணி 1928-ல் பர்னார்டு கல்லூரியில் பி.ஏ. முடித்தார். போவாஸின் மாணவி. 1935-ல் கொலம்பியாவில் பிஎச்.டி. படிக்க ரோசன்வால்ட் நிதியிலிருந்து உதவித்தொகை கிடைத்தது. ஆனால் முதலில் சொன்ன தொகை பிறகு குறைந்தது. டாக்டர் பட்டம் கைகூடவே இல்லை. தெற்கு மாநிலங்களின் நாட்டுப்புறக் கதைகளை அவர் தொகுத்த நூல் அதே 1935-ல் வந்து, இன்றும் வகுப்புகளில் படிக்கப்படுகிறது. அறிவில் குறையில்லை, அலைச்சலில் குறையில்லை. காசுதான் காலை வாரியது.

எம்.ஏ.வே கைநழுவிய கதையும் உண்டு. நாவலாசிரியர் கர்ட் வானகட் யுத்தம் முடிந்து வந்து சிகாகோவில் மானிடவியல் எம்.ஏ. படித்தார். ஆய்வேட்டைத் துறை ஏற்கவில்லை. 1971-ல், அவர் எழுதிய ஒரு நாவலையே ஆய்வேடாக எடுத்துக்கொண்டு அதே பல்கலைக்கழகம் எம்.ஏ. கொடுத்தது!

சரி, இன்றைக்கு என்ன நிலைமை?

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் பி.ஏ. முடித்தவர்களையே நேராக பிஎச்.டி.க்கு எடுக்கின்றன. எம்.ஏ. நடுவழியில் தானாகக் கிடைத்துவிடும். பெரிய துறைகளில் பிஎச்.டி. மாணவருக்குக் கட்டணம் தள்ளுபடி, கைச்செலவுக்குத் தொகையும் உண்டு. தனி எம்.ஏ.வுக்கோ பெரும்பாலும் சொந்தக் காசுதான். முக்கியமான வித்தியாசம் இதுதான், கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஏ. முடித்துப் போனாலும் அங்கே வகுப்புகளை மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொல்வது சகஜம். ஆறேழு வருஷத்தில் இரண்டு குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். இங்கிலாந்து, ஜெர்மனி பக்கம் நிலைமை வேறு. அங்கே பொதுவாக முதுகலையை எதிர்பார்ப்பார்கள்.

இந்தியாவிலும் விதி மாறியிருக்கிறது. 2022-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி நான்கு வருஷ இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் எம்.ஏ. இல்லாமலே பிஎச்.டி.க்கு முயற்சி செய்யலாம். நம் காலத்து எம்.ஃபில். அதே விதியோடு முடிவுக்கு வந்தது. ஆனால் மூன்று வருஷ பி.ஏ. மட்டும் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மொத்தம் பதினாறு வருஷப் படிப்பு கேட்கும். அப்போது எம்.ஏ. உபரி இல்லை, தேவை.

விண்ணப்பத்தில் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? எதை ஆராயப்போகிறாய் என்று நீ எழுதும் நோக்கக் கட்டுரை. நீ எழுதிய ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை. உன்னை நன்றாக அறிந்த ஆசிரியர்களின் கடிதங்கள். உன் கேள்விக்குப் பொருத்தமான பேராசிரியர் அந்தத் துறையில் இருக்கிறாரா என்பது. இவை பி.ஏ.விலேயே கையில் இருந்தால், கடன் வாங்கி எம்.ஏ. பண்ண அவசரமில்லை. நேராக எழுதிப் போட்டுப் பாருங்கள். வேறு பாடத்திலிருந்து வருகிறீர்களா, மார்க் குறைவா, ஆய்வு எழுதிப் பழக்கமில்லையா, கடிதம் எழுத ஆளில்லையா? அப்படியானால் எம்.ஏ. நல்ல வழி. முடிந்தவரை இங்கேயே, குறைந்த செலவில் பண்ணுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே மானிடவியல் துறை இருக்கிறது. அதில் எழுதும் ஆய்வேட்டை மட்டும் சடங்குக்காக எழுதாதீர்கள். ஸ்ரீநிவாஸ் எழுதிய மாதிரி எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இரண்டு வருஷம் 'சும்மா' ஊர் சுற்றிக் குறிப்பு எடுக்கிறான், சந்தையில் உட்கார்ந்து கிழவிகளிடம் பேசுகிறாள் என்று கவலைப்படாதீர்கள். இந்தத் துறையில் அதுவும் படிப்புதான். அனந்தகிருஷ்ண ஐயரை கல்கத்தாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த அலைச்சல்தான்.

இந்த வழியில் போய் வந்தவர்கள் நம் சங்கத்தில் இருந்தால் இளையவர்களுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். மீட் அம்மையார் ஒதுக்கிய அளவு இல்லாவிட்டாலும், ஒரு மணி நேரமாவது. ஒரு விண்ணப்பத்தைப் படித்துத் திருத்திக் கொடுத்தாலே ஒரு குடும்பத்தின் கடன் மிச்சமாகலாம்.