டி8 என்று மட்டும் சொன்னால் போதாது

துருப்பிடித்த மஞ்சள் செயின் டிராக்டர் ஒன்றைக் காட்டி "இது டி8" என்று சொல்லிப் பாருங்கள். பழைய கேட்டர்பில்லர்களைப் பழுதுபார்த்து ஓட்டுபவர் யாராக இருந்தாலும் திருப்பிக் கேட்பார்: "எந்த டி8?" வீம்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை. டி8 என்பது குடும்பப் பெயர் மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது வரிசை எண்ணின் முன்னால் வரும் ஒரு எண்ணும் ஒரு எழுத்தும்தான். அதைப் பார்க்காமல் உதிரிபாகம் வாங்கினால் பணம் போனது போனதுதான்.

கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் பெஞ்சமின் ஹோல்ட் 1904-இல் நீராவி வண்டிக்குச் சங்கிலித் தடம் மாட்டி ஓட்டினார். சேற்று வயலில் சக்கரம் புதைந்துபோவதுதான் அவருடைய பிரச்சினை. 1925-இல் ஹோல்ட் நிறுவனமும் அதன் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் ஆனது. 1931-இல் 'டீசல் சிக்ஸ்டி' வந்தது. அதுவரை சாம்பல் நிறத்தில் இருந்த வண்டிகள் மஞ்சளுக்கு மாறியதும் அந்த ஆண்டு முடிவில்தான்.

டீசல் வந்ததும் ஒரு புதுச் சிக்கல். அவ்வளவு பெரிய டீசல் எஞ்சினைக் குளிர்ந்த காலையில் எப்படிக் கிளப்புவது? கையால் சுற்ற முடியாது. அதனால் பெரிய எஞ்சின் பக்கத்திலேயே இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை வைத்தார்கள். பெயர் போனி மோட்டார். முதலில் போனியைக் கிளப்ப வேண்டும். பிறகு ஒரு நெம்புகோலால் பெரிய எஞ்சினின் அழுத்தத்தை விடுவித்துவிட்டு, போனியை வைத்து அதைச் சும்மா சுழல விட வேண்டும். இரண்டுக்கும் ஒரே தண்ணீர் ஓட்டம், அதனால் போனி ஓடும்போதே பெரியதும் சூடேறும். போனியின் புகைச் சூடு உள்ளே போகும் காற்றையும் வெதுவெதுப்பாக்கும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வண்டி இல்லைதான். ஆனால் எனக்குத் தெரிந்து இதைவிடப் பொறுமையான பொறியியல் குறைவு.

அடையாளம் காண்பதற்கும் போனி உதவும். ஆர்2, டி2 இரண்டும் தூரத்தில் பார்த்தால் இரட்டையர்கள். எஞ்சின் பக்கம் போய்ப் பாருங்கள்: போனி இருந்தால் டி2, டீசல். கார்புரேட்டரும் மேக்னெட்டோவும் மட்டும் இருந்தால் ஆர்2.

டி2-விலும் வேலை அதோடு முடியாது. 1938-இல் வந்த முதல் வரிசைக்கு 3ஜே, 5ஜே என்று முன்னொட்டு. 1947-இல் வந்த அடுத்த வரிசைக்கு 4யு, 5யு. 3ஜே-யும் 4யு-வும் 40 அங்குலத் தட அகலம், மற்ற இரண்டும் 50 அங்குலம். ஜே வண்டிகளில் சிலிண்டர் விட்டம் 3¾ அங்குலம், யு வண்டிகளில் 4. கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஒன்றின் பிஸ்டன் மற்றதில் உட்காராது.

இதே குழப்பம் சோவியத் பக்கமும் உண்டு. 1933-இல் செல்யாபின்ஸ்க் ஆலை தயாரிக்கத் தொடங்கிய ஸ்டாலினெட்ஸ்-60, கேட்டர்பில்லர் சிக்ஸ்டியைப் பார்த்துச் செய்தது. லிக்ராயின் என்ற லேசான எண்ணெயில் ஓடியது. 1937-இல் வந்த எஸ்-65 டீசல். இரண்டும் போரில் பீரங்கி இழுத்தன. மங்கலான போர்ப் புகைப்படத்தில் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டால், அந்தப் படைப்பிரிவுக்கு எந்த எரிபொருள் போய்ச் சேர வேண்டியிருந்தது என்கிற வரலாறும் சேர்ந்து தப்பாகிவிடும்.

கியர் விஷயத்துக்கு வருவோம். 1955-இல் டி8 இரண்டாகப் பிரிந்தது: 14ஏ, 15ஏ. 14ஏ-வில் எஞ்சினின் சக்தி கிளட்ச் வழியாக நேராகக் கியருக்குப் போகும். 15ஏ-வில் நடுவே டார்க் கன்வெர்ட்டர். எண்ணெய் வழியாகத்தான் சக்தி கடக்கும். ஏன் இரண்டு? நாள் முழுக்க ஒரே சீராக இழுக்கிற வேலைக்கு நேரடி இணைப்பு சிக்கனம். மண்ணை முட்டித் தள்ளுகிற வேலையில் அது திணறி நின்றுவிடும், கன்வெர்ட்டர் நிற்க விடாது. பதிலுக்குக் கொஞ்சம் சக்தியை எண்ணெயைச் சூடாக்குவதில் இழக்கும். தகடு தேய்ந்துபோன வண்டி என்றால் காதால் கண்டுபிடிக்கலாம். பாரம் ஏறும்போது எஞ்சின் சத்தம் இறங்கினால் நேரடி இணைப்பு. சத்தம் பெரிதாக மாறாமல் வண்டி மட்டும் மெதுவானால் கன்வெர்ட்டர். பின்னால் வந்த டி8எச்-சில் 36ஏ நேரடி, 46ஏ பவர் ஷிஃப்ட். 46ஏ-வில் கியர் மாற்றக் கிளட்ச் நெம்புகோலே வேண்டாம். அன்றாடம் நூற்றுக்கணக்கான தடவை அதை இழுத்த ஓட்டுநரின் தோளுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

இன்னொன்று. இந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் எண்ணை இரண்டு இடத்தில் பார்க்கலாம்: எஞ்சின் தகட்டில் ஒன்று, பின்னால் கியர் பெட்டியின் வார்ப்பில் ஒன்று. இரண்டும் பொருந்தாவிட்டால் எஞ்சினோ பின்பகுதியோ எப்போதோ மாறியிருக்கிறது. சேகரிப்பாளர்கள் உடனே விலையைக் குறைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுவடையோ சாலை வேலையோ நிற்கக் கூடாது என்று எவரோ ஒரு மெக்கானிக் வேறு வண்டியின் எஞ்சினைத் தூக்கி வைத்து ஓட்டியிருக்கிறார். அதுவும் அந்த வண்டியின் வரலாறுதான். மீட்டெடுப்பவர்களில் சிலர் பொருத்தம் காட்டுவதற்காகப் பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிக்கிறார்கள். அப்படி அடித்த எண்ணின் மேல் பளபளவென்று புது மஞ்சள் பெயின்டும் ஏறிவிடுகிறது.