அரைப்பேர்

சென்ற தவணையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'எனது தாய்' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். 'அம்மாவுக்கு நேற்று அரைப்பேர்தான் விழுந்தது. இரவு அவர் யாரோடும் பேசவில்லை' என்பது அதில் ஒரு வசனம். நாம் 'அரைப்பேர்' என்பதைச் சிவப்பு மையாற் கோடிட்டு, ஓரத்திற் 'கொச்சை' என எழுதினோம். பத்துக்கு நான்கு புள்ளி வழங்கினோம்.

தோட்டத்து வழக்கை அறிந்தோர்க்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. நிருவாகம் வகுத்த நிறையளவு கொழுந்தைப் பறிக்க இயலாத தொழிலாளிக்கு அன்று பாதி நாட் சம்பளமே செக்றோலிற் பதியப்படும். முழு நாட் கூலி 'பேர்'. பாதிக் கூலி 'அரைப்பேர்'. ஏட்டிற் பெயர் விழுந்தாலன்றிக் கூலி இல்லை. ஆதலின் பெயரே கூலியைக் குறிப்பதாயிற்று. ஆகுபெயருக்குத் தாமரையை எடுத்துக்காட்டிப் பழகிய நாம், நமது மாணவியின் கொப்பியிலிருந்த ஆகுபெயரைக் கண்டுகொள்ளவில்லை. ஹந்தானை மலையைப் பார்த்துக்கொண்டே தமிழ் பயின்றவர்கள் நாம். அம்மலைச் சரிவுகளிற் பேசப்பட்ட தமிழுக்குச் செவி கொடுத்தோமில்லை.

கண்டிக்கும் தமிழுக்குமுள்ள தொடர்பு தேயிலையோடு தொடங்கியதன்று. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க மன்னர் நால்வரும் தென்னிந்தியாவினின்று வந்த குடியினர். அவர்தம் அரண்மனையில் தமிழ் வழங்கிற்று. 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்திற் பிரதானிகள் சிலர் இட்ட கையொப்பங்களில் தமிழெழுத்தைக் காணலாம். ஆனால் அடுத்த பத்தாண்டுக்குள் கம்பளைப் பக்கத்திற் கோப்பித் தோட்டம் எழுந்தது; அதன்பின் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஏழை மக்கள் காட்டு வழியே நடந்து இம்மலைகளுக்கு வந்தனர். அவர்கள் கொணர்ந்ததும் தமிழே. எனினும் அரண்மனைத் தமிழுக்கு இருந்த மதிப்பு லயத்துத் தமிழுக்குக் கிட்டவில்லை. இதற்குக் காரணத்தை எந்த இலக்கண நூலிலும் தேடிப் பயனில்லை. யார் யாருடன் எந்த நிலையில் நின்று பேசினர் என்பதிலேயே அது தங்கியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தோட்டங்களுக்குப் புதிதாக வரும் வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென, பர்கியூசன் என்பார் கொழும்பிலே ஒரு கைநூலை வெளியிட்டார். நூலின் பெயர் 'இங்கே வா!'. பெயரொன்றே போதும். 'வா' என்பது ஏவல் ஒருமை வினைமுற்று என்று இலக்கணம் சொல்லும். தாய் தன் குழந்தையை நோக்கிச் சொல்லும்போதும் அது ஏவல் ஒருமையே. குதிரை மீதிருக்கும் இருபது வயது வாலிபன், தன் பாட்டனின் வயதொத்த மனிதனைப் பார்த்துச் சொல்லும்போதும் அது ஏவல் ஒருமையே. முதலாவதற்கு மறுமொழியுண்டு, இரண்டாவதற்கு 'ஐயா' என்பதைத் தவிர வேறு விடை எதிர்பார்க்கப்படவில்லை. ஒரு மொழியை இவ்வாறு ஒரு திசையில் மட்டும் ஓடவிட்டால் அது என்னவாகும் என்பதற்கு மலைநாட்டுத் தோட்டங்கள் சான்று.

1915ஆம் ஆண்டில் வெல்ஸ் என்பார் இத்தகைய மற்றொரு நூலை வெளியிட்டார். அதற்குக் 'கூலித் தமிழ்' என்றே பெயர். உழைப்பவனை இழித்த சொல் அவன் மொழிக்கும் அடைமொழியாயிற்று. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2014இல், மு. நித்தியானந்தன் மலையக எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்த தமது நூலுக்கு அதே பெயரைச் சூட்டினார். வசைச் சொல்லைக் கையிலெடுத்துத் திருப்பிக் காட்டும் துணிவு அதில் உண்டு.

தோட்டத்துச் சொற்கள் சிலவற்றைச் சற்று நிதானித்து நோக்குவோம். கண்காணிப்பவன் கங்காணியானான். காலையில் தொழிலாளரை நிரைப்படுத்தி வேலை பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். 'பரேட்' என்னும் படைத்துறைச் சொல்லே பெரட்டு ஆனது. படைவீரருக்குரிய சொல் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஏன் வந்தது என்று நாம் வகுப்பில் என்றேனும் கேட்டதுண்டா? 'துண்டு' என்பதோ எளிய தமிழ்ச் சொல். தொழிலாளியின் கடனை அடைப்பவர் அவனைக் கொண்டுசெல்லலாம் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டுக்கு அதுவே பெயராயிற்று. 1921இல் அம்முறை சட்டத்தால் விலக்கப்படும்வரை குடும்பம் குடும்பமாக மனிதர் அத்துண்டிற் கட்டுண்டு கிடந்தனர். தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு இடமளித்தார். நாமோ சிவப்பு மையை அளித்தோம்.

இம்மொழி பணிந்தே கிடந்ததெனக் கருதற்க. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை, மக்கள் முன்பே அறிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டிக் கூட்டங்களிற் பாடினார். 'கூலி' என்று அழைக்கப்பட்டவன் 'தொழிலாளி' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கிய காலம் அது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை, கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ளது. அதே பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் மாண்டார். 'இங்கே வா' என்ற குரலுக்கு 'வரமாட்டோம்' எனத் தமிழிலேயே விடை வந்துவிட்டது.

1956இற் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இது பலரும் எழுதிய கதை. நாம் சொல்ல வருவது வேறு. வெள்ளைத் துரைமார் போய்விட்டனர். இன்று தோட்டத்தை நடத்துபவர் இலங்கையரே. ஆயினும் அவரும் 'துரை' என்றே அழைக்கப்படுகிறார். பள்ளிக்கூடத்தில் நாமும் அம்மாணவியை 'நீ' என்கிறோம்; அவள் நம்மை 'ஐயா' என்கிறாள். பிழை திருத்தும் உரிமையும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கிறது.

கொப்பியைத் திருப்பி வாங்கி, 'கொச்சை' என்ற சொல்லை வெட்டினோம். சிவப்பு மை முழுதும் மறையவில்லை. புள்ளியை மாற்றியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டுரைக்குப் 'பெரட்டுக்களம்' என்று தலைப்புக் கொடுத்தோம். வகுப்பு முதலிற் சிரித்தது. பின்பு கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டிற் பேசுகிற மாதிரியே எழுதலாமா?" என்று கேட்டான்.