வெப்பத்துக்கு வரம்பு கட்டிய வரலாறு

நெருப்பை மூட்டுவது ஒரு கலை. மூட்டிய நெருப்பை வேண்டிய அளவோடு நிறுத்துவது மற்றொரு கலை. முன்னதை மனிதன் கற்றுப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. பின்னதைத் தன் கண்ணாலும் கையாலும் அவன் நெடுங்காலம் செய்துவந்தானேயன்றி, அதைச் செய்வதற்கென ஒரு கருவியை அண்மைக் காலத்தில்தான் படைத்தான். அடுப்பங்கரையில் பால் பொங்கும் வேளையில் நம் அன்னையர் விறகை வெளியே இழுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பால் பொங்குவதைக் காண ஒரு கண், போதும் என்று தீர்மானிக்க ஒரு மனம், விறகை இழுக்க ஒரு கை என மூன்றும் அங்கே வேண்டியிருக்கின்றன. இம் மூன்றின் வேலையையும் உயிரற்ற உலோகத் துண்டு ஒன்று செய்யுமாறு அமைத்த வரலாற்றையே இங்குக் காணப் போகிறோம்.

அறையைச் சூடாக்கும் மின்கணப்பு, சென்னையிலும் மதுரையிலும் வாழும் மாணாக்கர்க்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத பொருள். உதகையிலும் கொடைக்கானலிலும் மார்கழிக் குளிரை அறிந்தவர்கள் அதன் அருமையை அறிவார்கள். குளிர் நாடுகளிலோ அது உயிர் காக்கும் கருவி. அளவாக இருந்தால் உயிர் காக்கும் அதே வெப்பம், அளவு மீறினால் திரைச்சீலையைப் பற்றிக்கொண்டு வீட்டையே எரித்துவிடும். ஆகவே அதற்கு வரம்பு கட்டுவது வெறும் வசதிக்கான ஏற்பாடு மட்டுமன்று.

இக் கதை முட்டையிலிருந்து தொடங்குகிறது. கோழி முட்டை ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 21 நாட்கள் இருந்தால் குஞ்சு பொரிக்கும். வெப்பம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கரு அழிந்துவிடும். பழைய எகிப்து நாட்டில் பெரிய சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். அங்குப் பணி செய்தவர்கள் முட்டையை எடுத்துத் தம் கண்ணிமையில் வைத்துப் பார்த்தே சூட்டை அறிந்தார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த திறமை அது. ஆயினும் அவர்கள் கண்ணயர்ந்தால் சூளையின் நிலை என்னவாகும்?

அந்தக் கேள்விக்குக் கருவி வாயிலாக விடை கண்டவர் ஹாலந்து நாட்டில் ஆல்க்மார் நகரில் 1572இல் பிறந்த கார்னேலிஸ் டிரெபெல். இங்கிலாந்துக்குச் சென்று முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆதரவில் வாழ்ந்த இவர், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தானே தன்னை அடக்கிக்கொள்ளும் உலை ஒன்றை அமைத்தார். உலையின் உள்ளே சாராயம் நிறைந்த ஒரு கலம். அதனோடு இணைந்த வளைகுழாயில் பாதரசம். உலை சூடேறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கோலை உயர்த்தும். அக் கோல், புகை செல்லும் வழியிலுள்ள மூடியைச் சாய்த்து அடைக்கும். காற்றோட்டம் குறைய நெருப்பும் தணியும். உலை ஆறினால் இவையெல்லாம் எதிர்முகமாக நிகழும். நிலையை அறிதல், வேண்டிய நிலையோடு ஒப்பிடுதல், வேறுபாட்டைத் திருத்துதல் என்னும் மூன்று செயல்களும் இவ்வமைப்பில் அடங்கியுள்ளன. இதைப் பின்னூட்டம் என்று இக்கால அறிவியலார் அழைக்கின்றனர். நீராவி எஞ்சினின் வேகத்தை அடக்க ஜேம்ஸ் வாட் 1788இல் அமைத்த கருவிக்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே டிரெபெல் இதைச் செய்துவிட்டார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டு போன்மேன், ஈயக் குழாய்க்குள் இரும்புக் கோலை வைத்து, அவ்விரண்டும் வெவ்வேறு அளவில் நீள்வதைக் கொண்டு உலைக்குள் செல்லும் காற்றை அடக்கினார். அவருடைய நோக்கமும் கோழிக் குஞ்சுகளே.

இதற்கிடையே வேறொரு துறையில், வேறொரு காரணத்திற்காக, நம் கதைக்கு மிகவும் வேண்டிய உறுப்பு பிறந்தது. கடலில் செல்லும் கப்பல் எந்தத் தீர்க்க ரேகையில் இருக்கிறது என்று அறியத் துல்லியமான கடிகாரம் தேவைப்பட்டது. வழி காண்பவருக்குப் பெரும் பரிசு அளிப்பதாக 1714இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. தச்சராகத் தொழில் தொடங்கிய ஜான் ஹாரிசன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டார். வெயிலில் வேகம் மாறுவதும் குளிரில் வேறாக ஓடுவதும் கடிகாரத்தின் குறை. அதைப் போக்க அவர் பித்தளைப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தறைந்தார். ஒரு மீட்டர் நீளமுள்ள பித்தளை ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.019 மில்லிமீட்டர் நீளும், எஃகு 0.012 மில்லிமீட்டரே நீளும். இரண்டும் பிரிய முடியாதபடி இணைந்திருந்தால், மிகுதியாக நீளும் பித்தளை புறத்தே அமையப் பட்டை வளைந்தே தீரவேண்டும். 1759இல் முற்றுப்பெற்ற அவருடைய மூன்றாம் கடற்கடிகாரத்தில் இந்த ஈருலோகப் பட்டை இடம்பெற்றது. கண்ணுக்குப் புலனாகாத நீட்சி, கண்ணுக்குத் தெரியும் வளைவாக மாறியது இப்படித்தான்.

இப் பட்டையைத் தொழிற்சாலையின் வெப்பத்தை அடக்கப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ யூர். 1830இல் அவர் அதற்கு உரிமைக் காப்புப் பெற்றார். வெப்பம் என்றும் நிற்கச் செய்வது என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்துத் தெர்மாஸ்டாட் என்று அவர் இட்ட பெயரே இன்றளவும் உலகெங்கும் வழங்குகிறது. ஆனால் வளையும் பட்டையின் வலிமை மிகச் சிறியது. கனத்த மூடிகளையும் வாயில்களையும் அசைக்க அதனால் ஆவதில்லை. சிறு அசைவைக் கொண்டு பெருஞ் செயலைத் தொடங்கிவைக்க ஓர் இடையாள் வேண்டியிருந்தது. அந்த இடையாளாக வந்து சேர்ந்ததே மின்சாரம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் என்னும் ஊரிலிருந்த ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்பவர் பேராசிரியராக இருந்தார். கட்டடத்தைச் சூடாக்கும் நெருப்பு நிலவறையில் எரிந்தது. ஒவ்வொரு வகுப்பறையும் எப்படி இருக்கிறது என்று அறியக் காவலர் மணிதோறும் பாடத்தின் நடுவே உள்ளே வந்து போகவேண்டியிருந்தது. இந்த இடையூறு ஜான்சனைச் சிந்திக்கச் செய்தது. அறையிலுள்ள ஈருலோகச் சுருள் வளைந்து ஒரு மின்சுற்றை மூட, நிலவறையில் மணி ஒலிக்குமாறு அவர் ஓர் அமைப்பைச் செய்து 1883இல் உரிமைக் காப்புப் பெற்றார். மணி ஒலித்ததும் காவலர் கீழேயே காற்று வழியைத் திருத்திவிடலாம். இதில் நாம் நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அதுவரை கட்டடத்தின் சூட்டைத் தீர்மானித்தவர் நெருப்பின் அருகில் இருந்தவர். இப்போது குளிரை உணரும் அறையே தன் தேவையை எடுத்துச் சொல்லத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் மினியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் காவலரையும் விலக்கிவிட்டார். 1886இல் உரிமைக் காப்புப் பெற்ற அவருடைய அமைப்பில், அறையின் தெர்மாஸ்டாட் ஆணையிட ஒரு விசைக்கருவி உலையின் காற்று மூடியைத் தானே திறந்தது, தானே மூடியது.

இவ்வாறு வீட்டை வெப்பமூட்டும் தொழிலில் மின்சாரம் முதலில் தூதனாக நுழைந்தது. அது தானே நெருப்பின் இடத்தைப் பிடிக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. கம்பியில் மின்னோட்டம் சென்றால் வெப்பம் பிறக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான். அவ் வெப்பம் எவ்வளவு என்பதை அளந்து கூறியவர் சால்ஃபோர்டு நகரத்து பீர் உற்பத்தியாளரின் மகன் ஜேம்ஸ் ஜூல். மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் கம்பியின் தடையையும் பெருக்கினால் வெப்பத்தின் அளவு கிடைக்கும் என்று 1841இல் அவர் வெளியிட்டார். சட்டம் கிடைத்தது; ஆனால் தக்க கம்பி கிடைக்கவில்லை. இரும்புக் கம்பி செந்தணலாகிக் காற்றில் துருவேறி அற்றுப்போகும். பிளாட்டினமோ விலை மிக்கது. எனவே தொடக்கக் காலத்துக் கணப்புகளில் பெரிய கண்ணாடி விளக்குகளே வரிசையாக நின்று சூடு தந்தன. 1905இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ், நிக்கல் நான்கு பங்கும் குரோமியம் ஒரு பங்கும் சேர்ந்த உலோகக் கலவையைக் கண்டார். நிக்ரோம் எனப் பின்னர் வழங்கிய இக் கலவை செந்தணலானாலும் எரிந்துபோவதில்லை. அதன் மேற்பரப்பில் படியும் மெல்லிய குரோமியம் ஆக்ஸைடு கவசம்போல் நின்று உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. 1912இல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்னும் இடத்தில் சார்லஸ் பெல்லிங் தொடங்கிய தொழிற்சாலை, சுட்ட களிமண் பலகையில் இக் கம்பியைச் சுற்றி வீட்டுக் கணப்புகளைச் செய்து விற்றது.

வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் இக் கணப்புகளில் இருந்த வழி எளியது. தலா 1000 வாட் தரும் இரு கம்பிச் சுருள்கள் இருப்பதாகக் கொள்வோம். 230 வோல்ட் அழுத்தத்தில் ஒவ்வொன்றின் தடையும் ஏறக்குறைய 53 ஓம். இரண்டையும் பக்க இணைப்பில் இணைத்தால் 2000 வாட். ஒன்றை மட்டும் இணைத்தால் 1000 வாட். இரண்டையும் தொடராக இணைத்தால் தடை இருமடங்காகி 500 வாட் மட்டுமே கிடைக்கும். மூன்று நிலைகளுள்ள ஒரு சுவிட்ச் இதைச் செய்துவிடும். இதில் மின்சாரம் வீணாவதில்லை. எனினும் இது குருட்டுக் கட்டுப்பாடு. 500 வாட் போதுமா, மிகையா என்று அறையில் இருப்பவரே உணர்ந்து எழுந்துபோய்த் திருப்பவேண்டும். அவர் உறங்கிவிட்டால் எகிப்தியச் சூளையின் பழைய ஆபத்தே மீண்டும் வந்துவிடும்.

கணப்புக்கே ஈருலோகப் பட்டையைப் பொருத்திவிட்டால் என்ன? முயன்றபோது ஒரு தடை எழுந்தது. பட்டை மெல்ல மெல்ல வளைவதால் மின்தொடுமுனைகளும் மெல்லவே பிரிகின்றன. நூலளவு இடைவெளியில் மின்பொறி தாவி முனைகளை உருக்கி ஒட்டவைத்துவிடும். ஒட்டிக்கொண்ட முனை பிரியாது, கணப்பும் நிற்காது. இதற்கான வழிகளுள் ஒன்று மர ஆலையில் பிறந்தது. மெயின் மாநிலத்தில் இளமையில் கொதிகலன் அருகே வேலை பார்த்த ஜான் ஸ்பென்சர், உலைக் கதவின் தகடு சூட்டில் படீரெனப் புடைப்பதையும் ஆறியதும் படீரெனத் திரும்புவதையும் கண்டார். அதை மறவாத அவர், சற்றே குழிந்த சிறு ஈருலோகத் தட்டு ஒன்றைச் செய்தார். குறித்த வெப்பம் வரும்வரை அசையாதிருக்கும் அத் தட்டு, வந்ததும் ஒரே நொடியில் மறுபுறம் குழிந்து மின்தொடர்பை அறுத்துவிடும். 1920களில் இத் தட்டு துணி தேய்க்கும் மின்பெட்டிகளுக்கும் மின்மோட்டார்களுக்கும் காவலாயிற்று. கணப்பின்மேல் துணி விழுந்து மூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

தெர்மாஸ்டாட் பொருத்திய கணப்பைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அறை சில்லிட்டிருக்கையில் குமிழை 20 பாகையில் வைப்பதைவிட 30 பாகையில் வைத்தால் அறை விரைவில் சூடாகும் என்று அவர்கள் கருதுகிறார்கள். குமிழைத் தண்ணீர்க் குழாயின் திருகுபோல் எண்ணுவதால் வரும் பிழை இது. 1000 வாட் கணப்பு, தெர்மாஸ்டாட் மூடியிருக்கும்வரை 1000 வாட்டே தரும். குமிழ் காட்டுவது வெப்பத்தின் வேகத்தையன்று, அது நிற்கவேண்டிய எல்லையை. 30இல் வைத்தாலும் அறை 20 பாகையை எட்ட அதே நேரந்தான் ஆகும். எட்டியபின் நில்லாமல் மேலே போய்க்கொண்டிருக்கும் என்பதே வேறுபாடு. அவ்வளவும் மின்கட்டணத்தில் வந்து சேரும். மேலும், தெர்மாஸ்டாட் தன்னைச் சூழ்ந்த காற்றை மட்டுமே அறியும். கணப்பின் உடலிலேயே அது அமைந்திருந்தால், அறையின் மறுகோடியில் நடுங்கிக்கொண்டிருப்பவரின் நிலை அதற்குத் தெரியாது. ஜான்சன் அதை வகுப்பறைச் சுவரில் வைத்ததன் பொருள் இப்போது விளங்கும்.

பிற்காலத்தில் வேறு வழிகளும் தோன்றின. 1957இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட தைரிஸ்டரும் அடுத்த சில ஆண்டுகளில் வந்த டிரையாக்கும், அசையும் உறுப்பு எதுவுமின்றி மின்னோட்டத்தை நொடிக்குப் பலமுறை விடவும் நிறுத்தவும் வல்லவை. அவற்றால் கணப்பின் வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்க முடிந்தது. அதனினும் வியப்பூட்டுவது 1950களில் ஆராயப்பட்ட ஒருவகைப் பீங்கான். வேற்றுப்பொருள் சிறிது சேர்த்த பேரியம் டைட்டனேட் என்னும் அப் பொருளின் மின்தடை, குறித்த வெப்பநிலையைக் கடந்ததும் பன்மடங்கு உயர்ந்துவிடும். தடை உயர மின்னோட்டம் குறைகிறது. மின்னோட்டம் குறைய வெப்பம் தணிகிறது. அறியும் கண்ணும் தடுக்கும் கையும் சூடு தரும் பொருளுக்குள்ளேயே அடங்கிவிட்டன. இன்றைய சிறு கணப்புகள் பலவற்றில் இப் பீங்கானே வேலை செய்கிறது.

வெப்பத்தை மிகுவிக்க முயன்றவர்கள் அல்லர் இவர்கள். இருக்கும் வெப்பம் எங்கே நிற்கவேண்டும் என்று கேட்டவர்கள். கோழிக் குஞ்சை நினைத்தவர், கப்பலை நினைத்தவர், மாணாக்கரின் பாடத்தை நினைத்தவர் எனப் பலர் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். உங்கள் வீட்டில் துணி தேய்க்கும் மின்பெட்டி சூடேறும்போது சற்றே செவி கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய ஒரு சொடுக்கு ஒலிக்கும். சிவப்பு விளக்கு அணையும். ஹாரிசனின் பட்டை அங்கே வளைந்துகொண்டிருக்கிறது. எத்தனை பாகையில் அது சொடுக்கவேண்டும் என்பதை மட்டும் அது அறியாது. அந்த எண்ணைக் குறிக்கும் பொறுப்பு இன்றும் குமிழைத் திருப்பும் கையிடமே இருக்கிறது.