பிடோக் குன்றுகளும் போட்ஸ்வானா வைரங்களும்: பொதுச் செல்வத்தின் வரலாறு

இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கும் பிடோக் வட்டாரம் அறுபது ஆண்டுகளுக்கு முன்னர்க் குன்றும் கம்பமுமாக இருந்தது. 1963ஆம் ஆண்டில் பிடோக் கரையோரத்தில் சிறிய அளவில் ஒரு நிலமீட்பு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அதன் பயனைக் கண்ட அரசு, 1966 ஏப்ரலில் கிழக்குக் கடற்கரை நிலமீட்புத் திட்டத்தைத் தொடங்கியது. பிடோக், சிக்லாப் பகுதிகளின் குன்றுகள் வெட்டப்பட்டன. அந்த மண் நீண்ட இயங்குபட்டைகளில் கரைக்குச் சென்று கடலை நிரப்பியது. ஏழு கட்டங்களாக 1980களின் நடுப்பகுதிவரை நீடித்த இப்பணியால் ஏறத்தாழ 1,525 ஹெக்டர் நிலம் கிடைத்தது. வெட்டிச் சமன்செய்த நிலத்தில் 1973 முதல் பிடோக் புதுநகர் எழுந்தது. மணல் தோண்டிய பள்ளம் பின்னர்ப் பிடோக் நீர்த்தேக்கமாயிற்று.

இந்நிகழ்வை நாம் பொறியியல் சாதனையாகவே பெரும்பாலும் கற்பிக்கிறோம். இதனுள் பொதுநிதியின் வரலாறு ஒன்றும் அடங்கியிருக்கிறது. குன்றை ஒருமுறைதான் வெட்ட முடியும். மீண்டும் வளராத அச்செல்வம், தலைமுறைகளுக்குப் பயன்தரும் நிலமாக மாற்றப்பட்டது. இதே வினாவை எதிர்கொண்ட வேறொரு நாட்டோடு ஒப்பிட்டால் இதன் பொருள் தெளிவாகும்.

பிடோக்கில் குன்றுகள் வெட்டப்பட்ட அதே 1966ஆம் ஆண்டில், செப்டம்பர் 30ஆம் நாள், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் போட்ஸ்வானா விடுதலை பெற்றது. கடலே இல்லாத வறண்ட நாடு. உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. அரசின் அன்றாடச் செலவுக்கும் பிரிட்டனின் மானியத்தை எதிர்பார்த்திருந்தது. மறு ஆண்டே ஒராப்பா என்னுமிடத்தில் வைரப்படிவம் கண்டறியப்பட்டது. அந்நிலம் முதல் அதிபர் செரெட்சே காமா பிறந்த இனக்குழுவுக்கு உரியது. ஆயினும் 1967ஆம் ஆண்டின் கனிமச் சட்டம், நிலத்தடிச் செல்வத்தை இனக்குழுக்களின் உரிமையிலிருந்து நாட்டின் பொது உரிமையாக்கியது. சுரங்க நிறுவனத்தில் முதலில் 15 விழுக்காடாக இருந்த அரசின் பங்கு, 1975இல் 50 விழுக்காடாக உயர்ந்தது. சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அவ்வருவாயால் பெருகின. அடுத்த பல ஆண்டுகள் உலகின் மிக விரைவான பொருளியல் வளர்ச்சியைக் கண்ட நாடுகளுள் ஒன்றாகப் போட்ஸ்வானா விளங்கியது.

சிங்கப்பூரிலும் சட்டமே முதற்படியாக அமைந்தது. 1966இல் இயற்றப்பட்ட நில எடுப்புச் சட்டம், பொதுத் தேவைக்குத் தனியார் நிலத்தை எடுக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. வழங்கப்பட்ட இழப்பீடு பல வேளைகளில் சந்தை விலையைவிடக் குறைவு. நில உரிமையாளர்கள் இழந்தனர். கம்பத்து மக்கள் பழகிய வாழ்வை விட்டு நகர்ந்தனர். வளர்ச்சியைக் கற்பிக்கும்போது இவ்விலையையும் சேர்த்துக் கற்பிப்பதே நேர்மையாகும்.

திரட்டிய செல்வத்தைக் காப்பது அடுத்த படி. திருவள்ளுவர் நல்லரசின் பணிகளைச் சொல்லும்போது, பொருளைப் பெருக்குவதோடு நில்லாமல் பேணுவதையும் பகிர்வதையும் இணைத்தே எண்ணுகிறார். 1991இல் சிங்கப்பூரின் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, முந்தைய அரசுகள் சேர்த்த நிதியிருப்பைத் தொடுவதற்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபரின் ஒப்புதல் கட்டாயமாக்கப்பட்டது. நிலவிற்பனைத் தொகையும் நேரடியாக அன்றாடச் செலவுக்குப் போவதில்லை, இருப்பில் சேர்கிறது. உலக நிதி நெருக்கடியின்போது, 2009இல், அதிபர் எஸ். ஆர். நாதன் முதன்முறையாக 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க ஒப்புதல் அளித்தார். அதிலிருந்து எடுத்துச் செலவிட்ட தொகையை 2011இல் அரசு இருப்பிலேயே திரும்பச் சேர்த்தது.

போட்ஸ்வானாவும் 1994இல் பூலா நிதியத்தை நிறுவியது. பூலா என்பது அந்நாட்டு நாணயத்தின் பெயர். செட்சுவானா மொழியில் அதற்கு மழை என்று பொருள். வானம் பார்த்து வாழும் மக்கள் செல்வத்துக்கு மழையின் பெயரைச் சூட்டியது நமக்கு வியப்பன்று. ஆனால் வைரச் சுரங்கம் அரசுக்கு வருவாய் தந்த அளவுக்கு மக்களுக்கு வேலை தரவில்லை. ஏற்றத்தாழ்வும் வேலையின்மையும் நீடித்தன. ஆய்வகத்தில் செய்யப்படும் வைரங்கள் சந்தைக்கு வந்து, இயற்கை வைரத்தின் தேவை சரிந்தபோது அரசின் நிதியும் தளர்ந்தது. 2024 அக்டோபரில் நடந்த தேர்தலில், விடுதலை முதல் 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி தோற்றது.

சிங்கப்பூருக்கும் அத்தகைய சோதனை முன்பே நேர்ந்தது. பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு ஆதாரமாயிருந்த பிரிட்டிஷ் படைத்தளங்கள் 1971க்குள் மூடப்படும் என்று 1968 சனவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரே ஊற்றை நம்பியிருப்பதன் ஆபத்தை நாடு அப்போதே உணர்ந்தது. தொழிற்சாலைகள் வேலை தந்தன. வேலை தந்த ஊதியத்தில் ஒரு பகுதி மத்திய சேம நிதியில் சேர்ந்தது. 1968 முதல் அச்சேமிப்பைக் கொண்டு குடும்பங்கள் வீவக வீடு வாங்கின. வளர்ச்சி கருவூலத்தில் தங்கிவிடாமல் குடும்பத்தின் கைக்கும் வந்தது. இரு நாடுகளின் பாதை பிரிந்த இடம் இதுவே.

ஆகவே, ஒரு நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகலாம். இச்செல்வம் யாரிடமிருந்து பெறப்பட்டது? தீர்ந்துபோகும் பொருள் தீராத எதுவாக மாற்றப்பட்டது? அதன் பயன் யார் வீடுவரை சென்றது? பிடோக்கின் நிலத்துக்கும் ஒராப்பாவின் சுரங்கத்துக்கும் இவ்வினாக்கள் ஒருங்கே பொருந்தும். இனி நாம் செலவிடப்போகும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அவை பொருந்தும்.