கொழுந்து பறிக்கும் கையும் தொழில்வழிச் சிகிச்சை மாணவர் ஆய்வும்

அரசு மருத்துவமனைகளில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்ற பெயர்ப்பலகையைப் பலர் பார்த்திருப்பர். தமிழில் இது தொழில்வழிச் சிகிச்சை. இங்கே 'தொழில்' என்பது சம்பள வேலையை மட்டும் குறிப்பதன்று. குளிப்பது, பொத்தான் போடுவது, சோறு ஆக்குவது என அன்றாடம் செய்யும் எல்லாமே அதில் அடங்கும். நோயாலோ விபத்தாலோ முதுமையாலோ செய்ய முடியாமல் போனதை மீண்டும் செய்ய வைப்பதே இத்துறையின் பணி.

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் (யூ.கே.எம்.) இதற்கு இளங்கலைப் பட்டப்படிப்பு உண்டு. இத்துறையில் படிப்போர் மருத்துவமனைப் பயிற்சியோடு ஆய்வும் செய்கின்றனர். அப்படிப்பட்ட ஆய்வுக்குக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் பொருத்தமான களம்.

அங்கு போ தேயிலை நிறுவனம் தொடங்கியது 1929இல். அன்று கொழுந்து விரலால் கிள்ளப்பட்டு முதுகுக் கூடையில் சேர்ந்தது. பின்னர் கத்தரியும், இருவர் பிடிக்கும் இயந்திரமும் வந்தன. கிள்ளும்போது விரலும் கழுத்தும் நோகும். கத்தரியில் மணிக்கட்டும் தோளும். இயந்திரத்தில் எடையும் அதிர்வும் சேர்ந்து இடுப்பைத் தாக்கும். சரிவில் நிற்பதால் முழங்காலுக்கும் சுமை கூடும்.

இவற்றை அளக்க மாணவர்கள் பயன்படுத்தக்கூடிய கருவிகள் பல. 1987இல் வெளிவந்த நோர்டிக் வினாப்படிவம், கழுத்து முதல் கணுக்கால் வரை உடலின் 9 பகுதிகளில் கடந்த 12 மாதங்களிலும் 7 நாள்களிலும் வலி இருந்ததா என்று கேட்கும். 2000இல் வெளிவந்த 'ரீபா' முறை, வேலை செய்யும் உடல்நிலைக்கு 1 முதல் 15 வரை புள்ளி தரும். புள்ளி கூடினால் ஆபத்து கூடும். கனடாவில் உருவான 'சி.ஓ.பி.எம்.' நேர்காணலில், எந்த வேலை சிரமம் என்பதைத் தொழிலாளியே சொல்லி, அதை எவ்வளவு செய்ய முடிகிறது, எவ்வளவு திருப்தி என்று 10க்குப் புள்ளி இடுவார்.

மொழி இங்கே முக்கியம். குடைச்சல், கடுப்பு, பிடிப்பு, மரத்துப்போதல் என்று மூத்த தொழிலாளர்கள் வேறுபடுத்திச் சொல்வதெல்லாம் மலாய்ப் படிவத்தில் 'சாக்கிட்' என்ற ஒரே சொல்லாகிவிடக்கூடும். மரத்துப்போவது நரம்பு அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம்; தசைப்பிடிப்புக்கான தீர்வு வேறு. தோட்டத்தில் வளர்ந்து இத்துறைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு காதிலேயே இருக்கும்.

ஆய்வுக்கென மாணவர்கள் லயத்து வீட்டுக்கு வந்தால் தெரிந்திருக்க வேண்டியவை சில. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்பட்டதா என்று கேட்கலாம். ஒப்புதல் படிவத்தைப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லலாம். பங்கேற்க மறுக்கலாம், பாதியில் விலகலாம். கங்காணியோ நிர்வாகமோ சொன்னதற்காகக் கையெழுத்திட வேண்டியதில்லை.

ஆய்வு என்பது சிகிச்சை அன்று. சொக்சோ கோரிக்கைக்கு அது மட்டும் போதாது. வேலையால் வந்த வலி என்று தோன்றினால் மருத்துவரிடம் செய்யும் வேலையை விவரமாகச் சொல்லிப் பதிவு செய்வது அவசியம். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில்சார் நோய்களுக்கும் இடமுண்டு. 2007 முதல் சொக்சோவில் மீண்டும் பணிக்குத் திரும்பும் திட்டம் நடக்கிறது. மலாக்காவிலுள்ள அதன் துன் ரசாக் மறுவாழ்வு மையத்தில் தொழில்வழிச் சிகிச்சையும் தரப்படுகிறது.